நாலே முக்கால் லட்சமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 31 வருடம் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்கிற கையில் பிடிக்கும் சட்டத்தில் வரிவரியாக அடுக்குகிற வேலை. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித்தான் இருக்கும். நாம் பேப்பர் படிப்பதுபோல அவர் அதைச் சரளமாகப் படிப்பார். எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் தட்டுக்குக் கேஸ் என்று பெயர், அதில் எந்தக் குழியில் எந்த எழுத்து என்று பார்க்காமலே கை போகும். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், அதை விரலால் தடவியே எழுத்து நேரா தலைகீழா என்று கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு அல்சைமர் என்கிற மறதி நோய் என்று 2021-ல் தெரிந்தது. என் பெயர் அவர் வாயில் வராத நாட்களிலும் அந்த வலது கை மட்டும் மடியில் எதையோ பொறுக்கிப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே இருக்கும்.

2023-ல் நாங்கள் அவருக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்தோம். அதைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. போன மாதம் என் பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர், தன் மாமியாருக்காக அதே மாதிரி ஓர் இடத்தில் முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னார். மதிய இடைவேளை முழுக்க அவரிடம் பேசினேன். அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே பொறுமையாகச் சொல்கிறேன்.

2020 ஊரடங்கின்போது அப்பா பால்காரருக்கு ஒரே நாளில் இரண்டு முறை பணம் கொடுத்தார். வயது 71, மறதி வராதா என்று விட்டுவிட்டோம். அடுத்த வருடம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கப் போனவர் நாலு கரையையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்புகிற தெரு எது என்று தெரியவில்லை. தெரிந்த வெற்றிலைக் கடைக்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அதற்குப் பிறகுதான் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம்.

அவர் எடுத்தவுடன் அல்சைமர் என்று சொல்லிவிடவில்லை. ரத்தத்தில் பி12, தைராய்டு, தலைக்கு எம்ஆர்ஐ எல்லாம் பார்த்தார். பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், எப்போதோ கீழே விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தாலும், மூளையில் நீர் சேர்ந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். ஆகவே வீட்டில் யாருக்காவது மறதி தொடங்கினால், 'வயசாச்சு' என்றும் விடாதீர்கள், நேராக 'அல்சைமர்' என்றும் முடிவு கட்டாதீர்கள். இந்தச் சோதனைகளை முதலில் செய்யச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இவை எதிலும் குறை இல்லை. 30 மதிப்பெண்ணுக்கு வைக்கிற ஞாபகச் சோதனையில் 18 வாங்கினார். டோனெபெசில் மாத்திரை ஆரம்பித்தார்கள். இது நோயைக் குணமாக்காது, கொஞ்ச காலம் அறிகுறிகளை இழுத்துப் பிடிக்கும் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொன்னார்.

வெளியே வரும்போது அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னார். "தினமும் மூணு வரி எழுதி வைங்கம்மா. தூக்கம், சாப்பாடு, அவர் செஞ்சது சொன்னதுல புதுசா ஏதாவது. அவ்வளவு போதும்." அம்மா பால் கணக்கு எழுதுகிற மாதிரியே ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தார். அந்த நோட்டு பிறகு என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

நாங்கள் ஸ்டெம் செல்லை நம்பியதற்குக் காரணம் உண்டு. எதிர் வீட்டுப் பெண் குழந்தைக்குத் தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள், இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அந்தச் சிகிச்சை அங்கே 1986 முதல் நடக்கிறது. "ஸ்டெம் செல் வச்சுத்தான் பொழைச்சா" என்று தெரு முழுக்கப் பேச்சு. தானும் பெருகி, வேறு வகைச் செல்களையும் உண்டாக்கக்கூடிய செல்தான் ஸ்டெம் செல். பத்திரிகைகளில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைப் படித்துவிட்டு அம்மா கேட்டார்: "வாழைய வெட்டினா மறுநாளே குருத்து மேல வந்துடுது. அந்த மாதிரிதானேடி?" நானும் ஆமாம் என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்ற வேதனை அவனுக்கு எப்போதும் உண்டு. ராத்திரி முழுக்க இணையத்தில் தேடுவான். ஒருநாள் ஒரு காணொளி அனுப்பினான். ஒரு பெரியவர் முதலில் மிரண்டு மிரண்டு பார்க்கிறார், அடுத்த காட்சியில் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வேறொரு மாநிலத்தில் உள்ள ஓர் இடம். போன் செய்தால் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, மிகவும் அன்பாகப் பேசினார்கள். தாமதித்தால் பலன் குறையும் என்றார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் எங்களை நகர்த்தியது. தஞ்சாவூர் டாக்டரிடம் கேட்கவே இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

தம்பி கடன் வாங்கினான், அம்மா இரண்டு வளையலையும் ஒரு சங்கிலியையும் கொடுத்தார். சிகிச்சை, தங்குவது, ரயில் எல்லாம் சேர்த்து நாலே முக்கால் லட்சம். மூன்று தடவை செய்ய வேண்டும் என்றார்கள். நாங்கள் செய்தது முதல் தடவை மட்டும்.

செய்த விதம் இது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அதிலிருந்து செல்களைப் பிரித்து, அன்று மாலையே முதுகுத்தண்டு வழியாக ஏற்றினார்கள். அன்று இரவு அப்பாவுக்குக் கடுமையான தலைவலி. மறுநாள் காய்ச்சல். அதைவிட மோசம், புது இடம், புது முகங்கள், மயக்க மருந்து எல்லாம் சேர்ந்து அவரை முற்றிலும் குழப்பிவிட்டன. டிரிப் ஊசியைப் பிடுங்கினார். அம்மாவைப் பார்த்து "யாரும்மா நீ, என் வீட்டுக்காரி எங்க?" என்று அழுதார். வயதானவர்களுக்கு, அதிலும் ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்களுக்கு, மருத்துவமனையில் இப்படித் திடீர்க் குழப்பம் வருவது சகஜம் என்று பிறகு தெரிந்தது. இதை டெலிரியம் என்கிறார்கள். போகும் முன் யாரும் இதைச் சொல்லவில்லை.

ஊர் திரும்பி மூன்று வாரத்தில் குழப்பம் தெளிந்தது. ஆனால் அதுவரை தானாகப் பாத்ரூம் போய் வந்துகொண்டிருந்தவர், அதற்குப் பிறகு தனியாகப் போகவில்லை. சிகிச்சையால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். நோயும் அதைத்தான் செய்யும். ஆனால் அந்த மூன்று வாரத்தில் அவர் இழந்தது திரும்பி வரவில்லை.

சிகிச்சை முடிந்த ஒன்பதாவது நாள் காலை, காபி கொடுக்கும்போது அப்பா என் பெயரைச் சொன்னார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். தம்பிக்குப் போன் போட்டோம், அவனும் அழுதான். அந்த வாரமே அந்த இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும், ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். எடுத்து அனுப்பினோம். அப்பாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம், நான் "நான் யாருப்பா?" என்கிறேன், அவர் சிரித்துக்கொண்டே பெயர் சொல்கிறார்.

அடுத்த மாதம் தஞ்சாவூருக்குப் போனோம். நடந்ததைத் தலைகுனிந்து சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. "அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கீங்களா?" என்றார். அம்மா எடுத்துக் கொடுத்தார். அவர் பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். நாங்கள் ரயில் ஏறுவதற்கு நாலு நாள் முந்தைய தேதி. அம்மாவின் கையெழுத்தில்: 'இன்று பாப்பா பெயரைச் சொன்னார். இரண்டு தடவை. தோசை மூன்று.' வீட்டில் நான்தான் பாப்பா. அதற்கு முந்தைய மாதத்தில் ஐந்து நாட்கள் அப்படி இருந்தன. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரங்களில் நடந்தவை, அம்மா எழுதி வைத்திருக்கிறார், எங்கள் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

அல்சைமர் ஒரே கோடாக இறங்குவதில்லை. நல்ல நாள் வரும், கெட்ட நாள் வரும். பணம் கட்டிய பிறகு வருகிற நல்ல நாளை மட்டும் கண் பார்க்கும். பொய் சொல்லாத ஒரு குடும்பம்கூட உண்மையில்லாத ஒரு சாட்சியைக் கொடுத்துவிட முடியும், நாங்களே கொடுத்தோம். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை எழுதினேன், பதில் வரவில்லை. அதைப் பார்த்து யாராவது வளையலைக் கழற்றியிருப்பார்களோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. நான் இதை எழுதுவதில் பாதிக் காரணம் அதுதான்.

அன்று டாக்டர் ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து பேசினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஸ்டெம் செல் என்பது ஒரு மருந்தின் பெயர் இல்லை. 'மாத்திரை' என்று சொல்வதுபோல ஒரு பொதுச்சொல். எந்த மாத்திரை, எந்த நோய்க்கு என்று கேட்க வேண்டும். எதிர் வீட்டுக் குழந்தைக்கு நோய் இருந்ததே மஜ்ஜையில். மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்லின் இயல்பான வேலை ரத்தம் உண்டாக்குவது. வேறொருவரின் நல்ல மஜ்ஜையை வைத்தார்கள், அது நல்ல ரத்தம் உண்டாக்கியது. அப்பாவின் மஜ்ஜை செல்லும் ரத்தம் உண்டாக்கத் தெரிந்த செல்தான். அதை முதுகுத்தண்டு நீரில் விட்டால் மூளை நரம்பாக மாறிவிடாது.

"சரி டாக்டர், மாறினால்?" என்று கேட்டேன். அல்சைமரில் நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் படிகிறது, உள்ளே டௌ என்ற புரதம் சிக்கலாக முறுக்கிக்கொள்கிறது. புது ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சீக்கிரமே அடிபட, பிறகு மூளை முழுக்கப் பரவுகிறது. செல்லோடு செல் போட்ட கோடிக்கணக்கான இணைப்புகள் அழிகின்றன. நம் ஞாபகம் இருப்பது அந்த இணைப்புகளில். அப்பாவின் மொழியில் நான் இதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்: புது எழுத்து வாங்கிக் கேஸை நிரப்பிவிடலாம், ஆனால் கலைந்துபோன பக்கம் தானாகத் திரும்ப அடுக்கிக்கொள்ளாது.

பார்க்கின்சன் நோயில் நிலைமை வேறு. அங்கே நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் முக்கியக் காரணம், டோபமைன் சுரக்கும் ஒரே வகைச் செல்கள் மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அழிவது. அதனால் ஆய்வகத்தில் வளர்த்த டோபமைன் செல்களை மூளைக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்கக் குழு ஒன்றும் 2025-ல் வெளியிட்ட முதற்கட்ட முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. சில நோயாளிகளிடம் செய்த ஆரம்ப ஆய்வுகள்தான், ஆனால் பாதை தெளிவாக இருக்கிறது. அல்சைமரில் பல வகைச் செல்கள் பல இடங்களில் அழிவதால் அந்தப் பாதை அப்படியே பொருந்துவதில்லை.

அல்சைமருக்கு இப்போது மனிதர்களிடம் அதிகம் சோதிக்கப்படுவது மெசன்கைமல் என்கிற வகை. மஜ்ஜையிலிருந்தும் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தும் எடுக்கிறார்கள். இவை நரம்பாக மாறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இவை சுரக்கிற பொருட்கள் மூளையின் அழற்சியைத் தணித்து, இருக்கிற நரம்புகளைக் கொஞ்சம் காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி. தென்கொரியாவில் ஒரு குழு ஒன்பது நோயாளிகளுக்கு, மண்டையோட்டில் துளையிட்டு நேராக ஹிப்போகேம்பஸிலேயே இந்தச் செல்களை வைத்தது. 2015-ல் முடிவு வந்தது. பாதுகாப்பாகச் செய்ய முடிந்தது, ஆனால் இரண்டு வருடம் கவனித்தும் ஞாபக இழப்பின் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. நேராக மூளையிலேயே வைத்தும் இவ்வளவுதான் என்றால், எங்கள் அப்பாவின் முதுகில் ஏற்றியதில் நாங்கள் என்ன எதிர்பார்த்தோம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

இனி, யாராவது உங்களிடம் இந்தச் சிகிச்சையைச் சொன்னால் என்ன செய்வது என்று பார்ப்போம். முதல் கேள்வி பணத்தைப் பற்றியது. நான் கற்றதில் மிக உபயோகமானதும் இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் முதலியவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்ற எல்லாமே ஆராய்ச்சிதான். முறையான மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம். அல்சைமர் அந்த 'மற்ற எல்லாம்' பக்கத்தில் இருக்கிறது. ஆய்வில் சேர்பவரிடம் ஆய்வுக்கான செலவை வாங்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு, 2019-ன் மருத்துவ ஆய்வு விதிகள் அதைச் சொல்கின்றன. ஆக, அல்சைமருக்கு ஸ்டெம் செல் செய்கிறோம், இவ்வளவு லட்சம் கட்டுங்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் செய்வது ஆய்வு இல்லை, விற்பனை. எங்களுக்கு இது ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

"நாங்களும் ஆய்வாகத்தான் செய்கிறோம், பதிவு எண் இருக்கிறது" என்றால் சிடிஆர்ஐ எண்ணைக் கேளுங்கள். அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு, இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். 2009 ஜூன் முதல் எல்லா மருத்துவ ஆய்வுகளும் அதில் பதிவாக வேண்டும். எண்ணைப் போட்டால் எந்த நோய்க்கு, எந்த நிலையில் உள்ள நோயாளிகளுக்கு, எத்தனை பேருக்கு, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலக அனுமதி இருக்கிறதா என்று தெரியும். பதிவு மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் புளோரிடாவில் மூன்று பெண்மணிகள் கண் நோய்க்காக, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்களிலும் ஊசியாகப் போட்டுக்கொண்டு பார்வை இழந்தார்கள். 2017-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி. அந்த இடத்தின் பெயரில் அரசுப் பதிவேட்டில் ஓர் ஆய்வு பதிவாகியிருந்தது. அதனால் அது முறையான ஆய்வு என்று அவர்களில் சிலர் நம்பினார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் 5,000 டாலர் வாங்கியிருந்தார்கள். உண்மையான ஆய்வில், பாதுகாப்பு தெரியும் முன் இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட மாட்டார்கள்.

அடுத்தது ஒப்புதல் படிவம். எங்களுக்குக் கொடுத்தது ஆறு பக்கம், ஆங்கிலத்தில். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். நான் ஆசிரியை, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள், அன்று படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து படித்தபோது, பலனுக்கு உறுதி இல்லை, சிகிச்சை சோதனை நிலையில் உள்ளது என்று நாலாவது பக்கத்தில் இருந்தது. போனில் சொன்னதும் தாளில் இருந்ததும் வேறு வேறு. ஆகவே படிவத்தை ஒரு வாரம் முன்பே வாங்குங்கள், தமிழில் கேளுங்கள், உங்கள் வழக்கமான டாக்டரிடம் காட்டுங்கள். கொடுக்க மறுத்தால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

இதே காலத்தில் வந்த வேறு மருந்துகளைப் பற்றியும் ஆசிரியை கேட்டார். அமிலாய்டைக் கரைக்கும் லெகனமாப் 2023-லும் டொனனமாப் 2024-லும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், போலி மருந்தோடு, அதாவது பார்க்க மருந்துபோலவே இருந்தாலும் உள்ளே மருந்து இல்லாத ஒன்றோடு, ஒப்பிட்டுச் சோதித்தவை. அவ்வளவு பாடுபட்டும் அவை நோயின் வேகத்தைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். நோட்டில் எழுத ஆரம்பித்த வருடமே இவை இங்கே கிடைத்திருந்தால் கேட்டிருப்போம். இப்போது அப்பா அந்த நிலையைத் தாண்டிவிட்டார்.

நாலே முக்கால் லட்சத்தை நான் பிறகு வேறு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருகிறார், மாதம் 19,000 ரூபாய். அந்தப் பணம் இருபத்தைந்து மாதச் சம்பளம். இரண்டு வருடம் அம்மா ராத்திரி தூங்காமல், பகலிலும் படுக்க முடியாமல் இருந்தார். முதுகுவலி, ரத்தக் கொதிப்பு இரண்டும் அப்போதுதான் வந்தன. நோயாளிக்கு என்று ஒதுக்குகிற பணத்தில் பார்த்துக்கொள்பவருக்கான பங்கை முதலில் எடுத்து வையுங்கள் என்று யாராவது எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

உண்மையில் அப்பாவின் நிலையை மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள். காது கேட்கும் கருவி வைத்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. அவர் கேட்டும் புரியாமல் இருக்கிறார் என்று நினைத்தோம், பல நேரம் கேட்கவே இல்லை. ஒருமுறை இரண்டே நாளில் ஒரேயடியாக மோசமானார், கண்டபடி பேசினார். நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் அழுதுகொண்டிருந்தபோது, டாக்டர் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். சிறுநீர்த் தொற்று. ஐந்து நாள் மருந்தில் பழைய நிலைக்கு வந்தார். மறதி நோயாளி திடீரென்று மோசமானால், அது தொற்றாக, மலச்சிக்கலாக, நீர் குறைவாக, புது மாத்திரையின் வேலையாக இருக்கலாம் என்று இப்போது தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார். இதுதான் வீடு என்று வாதாடாமல், ஐந்தரைக்கே விளக்கு எல்லாவற்றையும் போட்டு, "காபி குடிச்சிட்டுப் போலாம்ப்பா" என்றால் அடங்கிவிடும். சட்டைப் பையில் பெயரும் எங்கள் போன் நம்பரும் துணியிலேயே தைத்திருக்கிறது.

பேங்க் விஷயம். அப்பா கையெழுத்துப் போட முடிந்த காலத்திலேயே அம்மாவோடு சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றினோம். அது அந்த டாக்டர் சொன்ன இன்னொரு புண்ணியம். கையெழுத்தும் புரிதலும் போன பிறகு என்றால் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் நியமனம் வாங்கி வர வேண்டும்.

உதவி கேட்க இடம் இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் டெம்கேர்ஸ் என்று மறதி நோயாளிகளுக்காகவே ஒரு மையம் நடத்துகிறது. ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்கிற அல்சைமர் சங்கம் 1992-ல் கேரளத்தில் தொடங்கியது, சென்னையிலும் கிளை உண்டு. மூத்த குடிமக்களுக்கான அரசு உதவி எண் 14567. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. உங்கள் தெருவிலும் இன்னொரு வீடு இருக்கும். அவர்களோடு பேசுங்கள்.

2025 மார்ச்சில் தம்பி மறுபடி ஒரு செய்தி அனுப்பினான். அமெரிக்காவில் லோமெசெல்-பி என்ற ஸ்டெம் செல் மருந்தை அல்சைமருக்குச் சோதித்ததன் முடிவு நேச்சர் மெடிசின் இதழில் வந்திருந்தது. இந்த முறை இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். மஜ்ஜையிலிருந்து எடுத்த செல், ஆனால் நோயாளியுடையது இல்லை, ஆரோக்கியமானவர்கள் கொடுத்தது. ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். 49 பேர், பத்து மருத்துவமனைகள், எல்லோருக்கும் லேசான நிலை. சிலருக்குப் போலி மருந்து, யாருக்கு எது என்று முடியும்வரை தெரியாது. பாதுகாப்பாக இருந்தது. செல் ஏற்றியவர்களுக்கு மூளை சுருங்குவது குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் 49 பேரை நாலு குழுவாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு ஒரு டஜன் பேர். பெரிய ஆய்வு ஒன்று இதை உறுதி செய்ய வேண்டும். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாவுக்கு இது வராதுல்லக்கா" என்றான். "அப்பாவுக்கு வராதுடா. நமக்கு வரலாம்" என்றேன். எனக்கு 46 வயது. நிஜமாகவே அப்படி நம்புகிறேன். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு முறையான ஆய்வு ஏதாவது இங்கே நடந்தால், பணம் கேட்காத ஆய்வாக இருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

அந்த மே மாதம் தம்பி ஒரு மாத விடுப்பில் வந்தான். கடனில் பாதி இன்னும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா வேலை பார்த்த அச்சகம் மூடி ரொம்ப நாளாகிவிட்டது. முதலாளியின் மகனைத் தேடிப் போய், பழைய சாமான்களுக்கு நடுவில் கிடந்த ஒரு ஸ்டிக்கையும் ஒரு டப்பா நிறைய எழுத்துகளையும் வாங்கி வந்தான். ஈயம் என்பதால் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவோம்.

முதல் நாள் அப்பா ஸ்டிக்கை இடது கையில் வாங்கிய விதத்திலேயே அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் கீழே, 31 வருடமும் பிடித்த அதே பிடி. முக்கால் மணி நேரம் அடுக்கினார். தம்பி ஸ்டாம்ப் பேடில் மை ஒற்றி ஒரு தாளில் பதித்துப் பார்த்தான். க, ம, க, ட், று என்று ஏதேதோ எழுத்துகள். வார்த்தையாக ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு எழுத்துகூடத் தலைகீழாக இல்லை.